வில், அம்பு, சோடாபுட்டி

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா கடையத் திறக்கவே இல்ல. இன்னிக்கு கொஞ்சம் நீளமான சரித்திரப் பதிவு. டீ, வடை எதாச்சும் கையில வச்சுக்கிட்டு உட்காருங்க.

கதை ஆரம்பிச்சது டீம் அவுட்டிங்ல. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டுல ஒரு ரிசார்ட். எல்லா விளையாட்டும் முடிச்சு கடைசியா வில் அம்பு. சின்ன வயசுல அம்பத்தூர் வீட்டு மொட்டை மாடியில விளக்குமாத்துக் குச்சியில வில் செஞ்சு அம்மாகிட்ட அதே விளக்குமாத்தால வாங்கின ஆளு நான். விடுவேனா? முதல் ஆளா போய் நின்னேன்.

சொல்லிக் கொடுக்கற தம்பி என்னைப் பார்த்ததும், "சார், கண்ணாடியக் கழட்டிடுங்க, நாண் தட்டிரும்"னான்.

"கழட்டினா பலகை எங்க இருக்குன்னே தெரியாதுப்பா. பவர் மைனஸ் நாலரை."

"அப்ப உங்க இஷ்டம் சார்."

இழுத்தேன், விட்டேன். அம்பு புல்தரையில, கண்ணாடி மண்ணுல. பின்னாடி இருந்து "மச்சான், அர்ஜுனனுக்குத் தெரிஞ்சது கிளியோட கண்ணு, உனக்கு உன் கண்ணே தெரியலையே"ன்னு ஒரு நக்கல். ஸ்கூல்ல எட்டாவதுல இருந்து வாங்கின 'சோடாபுட்டி' பட்டம் மறுபடி ஞாபகம் வந்துச்சு.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். அப்பா ஆவடியில ஒரு பாக்டரியில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். நாலு வருஷமா கண்ணுல நீர் அழுத்த நோய். டாக்டருங்க கிளௌகோமான்னு சொல்லுவாங்க. நேரா இருக்கறது தெரியும், ஓரத்துல இருக்கறது தெரியாது. சிரிச்சிட்டு, "ஏண்டா, கண்ணாடி வர்றதுக்கு முன்னாடி கண்ணு தெரியாதவன் எல்லாம் வேட்டைக்கே போகாமலா இருந்தான்?"னு கேட்டார்.

நல்ல கேள்வி. அதைத் தேடிப் போனதுதான் இந்தப் பதிவு.

கல்லும் வில்லும்

வேட்டைன்னா எங்கயோ ஆப்பிரிக்கா போக வேண்டாம். நம்ம திருவள்ளூர் தாண்டி, பூண்டி பக்கத்துல கொசஸ்தலை ஆத்தோரமா அத்திரம்பாக்கம் இருக்கு. 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்க கற்கால மனுஷனோட கைக்கோடாரிகளைக் கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் மே மாசம் பல்லாவரத்துல ஃபூட் எடுத்த கல்லுதான் இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கே பிள்ளையார் சுழி. சாந்தி பப்பு குழுவோட ஆய்வு 2011ல வெளியானப்ப, அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் வருஷ வயசுன்னு தெரிஞ்சது. அது வில் காலம் இல்ல, கல் காலம். கிட்டப் போய் அடிக்கணும், இல்ல செத்துக் கிடக்கறதை அறுக்கணும். அந்த வேலைக்கு மைனஸ் நாலரை கூட தாங்கும் :-)

வில்லுங்கறது தூரத்துல இருந்து கொல்ற கருவி. அப்பதான் கண்ணு முக்கியமாகுது. அதுக்கும் சாட்சி நம்ம பக்கத்துலயே இருக்கு. இலங்கையில பாஹியன் குகைன்னு ஒண்ணு. அங்க கிடைச்ச எலும்பு முனைகளை ஆராய்ஞ்சு, சுமார் 48,000 வருஷத்துக்கு முந்தியே மழைக்காட்டுல வில் அம்பு இருந்திருக்குன்னு 2020ல எழுதினாங்க. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லுக்குக் கிடைச்ச பழைய ஆதாரங்கள்ல இதுவும் ஒண்ணு. குறி என்ன தெரியுமா? குரங்கும் அணிலும். மரத்து மேல ஓடற அணிலை அம்பால அடிக்கணும்னா கண்ணு எப்படி இருந்திருக்கணும்?

காட்டு மனுஷனுக்கு கழுகுக் கண்ணா?

வெள்ளைக்காரங்க நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நம்பிக்கை வச்சிருந்தாங்க. காட்டுல வாழறவனுக்குப் பார்வை அபாரமா இருக்கும், அது ரத்தத்துலயே வரும்னு. அதைச் சோதிச்சுப் பார்த்தவர் ரிவர்ஸ்ங்கற டாக்டர். 1898ல கேம்பிரிட்ஜ்ல இருந்து ஆஸ்திரேலியாவுக்கு வடக்க இருக்கற டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்குப் போன குழுவுல இவரும் ஒருத்தர். கண் டாக்டர்கிட்ட 'ஈ' எழுத்தைத் திருப்பித் திருப்பி வச்சு காட்டுவாங்கல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி அட்டையை வச்சு தீவுக்காரங்களைச் சோதிச்சார்.

முடிவு? அவங்க பார்வை ஐரோப்பியரை விட கொஞ்சம் மேல, ஆனா மாயமந்திரம் ஒண்ணும் இல்ல. கிட்டப்பார்வை மட்டும் அங்க ரொம்ப அபூர்வம். தூரத்துல வர்ற படகை, இலைக்குள்ள இருக்கற பறவையை அவங்க முதல்ல கண்டுபிடிக்கறது பழக்கத்தால. எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சவனுக்கு அது சீக்கிரம் தெரியுது, அவ்ளோதான். நாம லாக் ஃபைல்ல ஆயிரம் வரிக்கு நடுவுல ஒரு எர்ரரை டக்குனு பிடிக்கறோம் இல்லையா, அந்தக் கதை.

ரிவர்ஸ் அப்புறம் நம்ம நீலகிரிக்கே வந்தார். தொதவர்கள் கூட 1901, 1902 வாக்குல தங்கி அவங்களையும் சோதிச்சார். அவங்க பார்வையும் சாதாரண அளவுதான். ஆனா சிவப்பு பச்சை நிறக்குருடு ஆண்கள்ல நூத்துக்கு 12க்கும் மேல இருந்ததைப் பதிவு செஞ்சார்.

இதுல இன்னொரு சுவாரஸ்யம். தொதவர்கள் வேட்டையாட மாட்டாங்க, மாமிசமும் சாப்பிட மாட்டாங்க. ஆனா அவங்க வாழ்க்கையில வில் உண்டு. மாசமா இருக்கற பொண்ணுக்கு குச்சியாலயும் புல்லாலயும் செஞ்ச குட்டி வில் அம்பை ஒரு ஆண் கொடுப்பான். கொடுத்தவன்தான் குழந்தைக்கு அப்பான்னு ஊர் ஏத்துக்கும். குறி பார்க்கத் தேவையில்லாத ஒரே வில் அதுவாத்தான் இருக்கும்.

சரி, கிட்டப்பார்வை அங்கெல்லாம் ஏன் அபூர்வம்? பரம்பரை ஒரு பங்கு. வெளிச்சம் இன்னொரு பங்கு. சீனாவுல குவாங்ஜோ நகரத்துப் பள்ளிகள்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா குழந்தைகளை வெளியே விட்டுப் பார்த்தாங்க. மூணு வருஷத்துல புதுசா கிட்டப்பார்வை வந்தது நூத்துக்கு 39.5 இருக்க வேண்டிய இடத்துல 30.4 ஆச்சு. 2015ல வந்த ஆய்வு. அதனால அப்பா கேள்விக்கு முதல் பதில்: அந்தக் காலத்து வேட்டைக்காரன்ல சோடாபுட்டிகள் கம்மி. நாள் பூரா வெயில்ல இருந்தான், படிக்கறதுக்கு எழுத்தும் இல்ல, பார்க்கறதுக்கு செல்போனும் இல்ல.

கண்ணாடி போட்ட முதல் வேட்டைக்காரர் யார்?

மூக்குக்கண்ணாடி பிறந்தது இத்தாலியில, 1286 வாக்குல. ஆனா அது குவிலென்ஸ். நாப்பது வயசுக்கு மேல வெள்ளெழுத்து வந்த பெரியவங்க படிக்கறதுக்கு. என்னை மாதிரி ஆளுங்களுக்கு வேண்டிய குழிலென்ஸ் வர்றதுக்கு இன்னும் நூத்தி அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1462ல மிலான் நகரத்துப் பிரபு பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா, ஃபிளாரன்ஸ்ல இருந்து மூணு டஜன் கண்ணாடி வாங்கி அனுப்பச் சொல்லி எழுதின கடிதம் இருக்கு. அதுல ஒரு டஜன் தூரத்துல பார்க்க.

வேட்டைக்குக் கண்ணாடி போட்டவர்ல நமக்குப் பெயர் தெரிஞ்ச பெரிய ஆள், சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு போப்பாண்டவர். 1513ல இருந்து 1521 வரைக்கும் போப்பா இருந்த பத்தாம் லியோ. கடுமையான கிட்டப்பார்வை, அதைவிடக் கடுமையான வேட்டைப் பைத்தியம். குழிலென்ஸ் வச்சுக்கிட்டு, கூட வந்தவங்களை விட எனக்குத்தான் நல்லாத் தெரியுதுன்னு பெருமை அடிச்சதா சொல்லுவாங்க. 1518 வாக்குல ரஃபேல் வரைஞ்ச அவர் படத்துல கையில ஒரு லென்ஸ் இருக்கறதை இன்னிக்கும் பார்க்கலாம்.

நம்ம ஊருக்கு எப்ப வந்துச்சு? கிருஷ்ணதேவராயர் காலத்து வியாசராயர் கண்ணாடி போட்டுப் படிச்சதை அவர் வரலாற்றை எழுதின சோமநாத கவி சொல்றார். சுமார் 1520. அப்புறம் தஞ்சாவூர் பக்கம் வல்லத்துல கிடைச்ச படிகக் கல்லை இழைச்சு மூக்குக்கண்ணாடி செஞ்சிருக்காங்க. மெட்ராஸ்ல 1819லயே கண்ணுக்குன்னு தனி ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு எழும்பூர்ல இருக்கற அரசு கண் ஆஸ்பத்திரி அதுதான். 'மெட்ராஸ் ஐ' பேரும் அங்க இருந்து வந்ததுதான்னு சொல்லுவாங்க.

அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கதையைச் சொல்லாம விட முடியாது. பதிமூணு வயசு வாக்குல முதல் துப்பாக்கி கிடைச்சுது. கூட வந்த பசங்க சுடற குறி எதுவுமே இவர் கண்ணுல படலை. அதுக்கப்புறம்தான் கண்ணாடி. உலகம் இவ்ளோ அழகான்னு அப்பதான் தெரிஞ்சுதாம். சுயசரிதையில அவரே சொன்னது. (நான் எட்டாவதுல முதல் தடவை கண்ணாடி போட்டு வெளியே வந்தப்ப, வேப்பமரத்துல தனித்தனியா இலை இருக்குன்னு பார்த்து நடுரோட்ல நின்னுட்டேன். அனுபவிச்சவங்களுக்குத்தான் புரியும்.) 1912ல மில்வாக்கியில அவரைச் சுட்டப்போ குண்டோட வேகத்தைக் குறைச்சது சட்டைப்பைல இருந்த மடிச்ச பேச்சுத் தாளும், இரும்புக் கண்ணாடிக் கூடும். சோடாபுட்டிக்கு ஒரு ஜே!

துப்பாக்கிக்குச் சரி, வில்லுக்கு?

இங்கதான் எஞ்சினியர் மூளை வேலை செஞ்சுது. துப்பாக்கிக்காரன் பெரும்பாலும் குறிக்கு நேரா முகத்தை வைக்கறான். வில்லுக்காரன் உடம்பைப் பக்கவாட்டுல நிறுத்தி, தலையைத் தோளுக்கு மேல திருப்பறான். முழுசா திரும்பாததால, பார்வை லென்ஸோட நடுவுல போகாம மூக்குப் பக்கத்து ஓரமா போகுது. அங்க ஃபிரேம் மறைக்கும். லென்ஸ் ஓரத்துல உருவம் கலங்கும், இடமும் மாறும். கணக்குப் போட்டா, நாலரை பவர்ல நடுவுல இருந்து ஒரு சென்டிமீட்டர் விலகிப் பார்த்தா மீட்டருக்கு நாலரை சென்டிமீட்டர் உருவம் நகரும். வில்லோட குறிமுள்ளும் பலகையும் ஒரே இடத்து வழியா தெரிஞ்சா ரெண்டும் சேர்ந்தே நகரும், குறி தப்பாது. ஆனா கலங்கல் போகாது. போதாக்குறைக்கு முகத்தை ஒட்டி வர்ற நாண் ஃபிரேமைத் தட்டும். என் கண்ணாடி மண்ணுக்குப் போன கதை இதுதான்.

கழட்டிட்டாலும் தப்பு. நாலரை பவர்னா 22 சென்டிமீட்டருக்கு அப்பால எல்லாமே புகை. பலகை மட்டும் இல்ல, கை நீட்டின தூரத்துல இருக்கற குறிமுள்ளும் சேர்ந்து மங்கும்.

அதனாலதான் கான்டாக்ட் லென்ஸ் வில்லுக்காரங்களுக்கு வரப்பிரசாதம். கண்ணு கூடவே நகருது, எப்பவும் நடு வழியாத்தான் பார்க்கறோம், ஃபிரேம் இல்ல, மழை, வேர்வை, நீராவி தொல்லை இல்ல. கண்ணு இமைக்காம குறி பார்த்தா லென்ஸ் காயும், புழுதி விழுந்தா உறுத்தும், அது மட்டும்தான் பிரச்சினை. இதுக்குப் பின்னாடியும் ஒரு கதை உண்டு. 1880கள் கடைசியில அடால்ஃப் ஃபிக் கண்ணாடியாலயே லென்ஸ் செஞ்சு முதல்ல முயலுக்கு, அப்புறம் தனக்கே மாட்டிப் பார்த்தார். 1889ல ஆகஸ்ட் முல்லர்னு ஒரு மருத்துவ மாணவர், மைனஸ் 14 பவர், தானே லென்ஸ் செஞ்சு போட்டார். அரை மணி நேரத்துக்கு மேல வலி தாங்கலை. கடைசியில 1961 கிறிஸ்துமஸ்ல செக் நாட்டு ஓட்டோ விக்டர்லே, பசங்க விளையாடற மெக்கானோ மாதிரி செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வச்சு வீட்டுலயே மிஷின் கட்டி மெத்து லென்ஸ் வார்த்து எடுத்தார். நாம போடற லென்ஸுக்கெல்லாம் தாத்தா அதுதான்.

விளையாட்டு வில்வித்தை விதியில கண்ணாடிக்குத் தடை இல்ல. ஆனா லென்ஸ்ல ஊசித்துளை இருக்கக் கூடாது, குறி பார்க்க உதவற மாதிரி அடையாளம் எதுவும் போட்டிருக்கக் கூடாது. ஏன்னா ஊசித்துளை வழியா பார்த்தா மங்கலும் தெளிவாயிடும்.

இதையெல்லாம் உடைச்சவர் ஒருத்தர் இருக்கார். தென் கொரியாவோட இம் டோங்-ஹியுன். இடது கண்ணு 20/200, வலது கண்ணு 20/100. அதாவது நல்ல கண்ணுக்கு 200 அடியில தெரியறது இவர் இடது கண்ணுக்கு 20 அடியிலதான் தெரியும். போட்டியில கண்ணாடி போடாமத்தான் அம்பு விட்டார். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 70 மீட்டர்ல 72 அம்புக்கு 699 புள்ளி, உலக சாதனை. (2016ல அவர் நாட்டுக்காரர் கிம் வூ-ஜின் 700 எடுத்து முறியடிச்சார்.) 'பார்வையில்லாத வீரர்'னு பத்திரிகைகள் எழுதினது அவருக்கே பிடிக்கலை. எனக்குத் தோணுறது என்னன்னா, வட்டமா ஒரு மஞ்சள் புகை தெரிஞ்சா அதோட நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க ஓரம் கூர்மையா தெரிய வேண்டியதில்ல. மீதியை லட்சக்கணக்குல விட்ட அம்பு பார்த்துக்கும். ரிவர்ஸ் சொன்ன அதே பழக்கம்.

ஆனா வேட்டை வேற

'அப்ப மங்கலான கண்ணோட வேட்டையும் ஆடலாமே'ன்னு கேட்டா, இல்ல. பலகை எங்க இருக்கு, என்னன்னு முன்னாடியே தெரியும். காட்டுல 'எங்க'ங்கறதை விட 'என்ன'ங்கறதுதான் முக்கியம். புதருக்குள்ள அசையறது மானா, மனுஷனா?

நம்ம பெரியவங்க இதைத் திரும்பத் திரும்ப சொல்லியிருக்காங்க. தசரதன் இருட்டுல குடம் நிரம்பற சத்தத்தை யானைன்னு நெனைச்சு அம்பு விட்டான். செத்தது கண்ணு தெரியாத அப்பா அம்மாவுக்குத் தண்ணி எடுக்க வந்த பையன். பாண்டு மானுன்னு அடிச்சது முனிவரை. ஜரன் மானுன்னு அடிச்சது கிருஷ்ணனோட பாதத்தை. மூணுமே குறி தப்பாத அம்பு. மூணுமே தப்பான குறி. நம்ம புராணத்துல வேட்டைக்காரன் கெட்டது குறி பார்க்கத் தெரியாம இல்ல, எதைப் பார்க்கறோம்னு தெரியாம.

நல்லவேளை, நம்ம ஊர்ல இந்தச் சோதனைக்கே இடம் இல்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ல வந்த திருத்தமும் வேட்டையைக் கிட்டத்தட்ட மொத்தமா மூடிருச்சு. வில்லு வேணும்னா பலகையோட நிறுத்திக்கணும்.

குன்றத்தூர்காரர் சொன்ன கதை

இதையெல்லாம் அப்பாகிட்ட ஒப்பிச்சேன். முழுசா கேட்டுட்டு, "கண்ணப்பரை விட்டுட்டியேடா"ன்னார்.

பொசுக்குன்னு ஆயிருச்சு. எங்க போனாலும் தேடினேன், பக்கத்து ஊரை மறந்துட்டேன். பெரியபுராணம் பாடின சேக்கிழார் பூந்தமல்லிக்குப் பக்கத்துல இருக்கற குன்றத்தூர்காரர், 12ஆம் நூற்றாண்டு. வேடர் குலத் திண்ணன் கதை உங்களுக்குத் தெரியும். காளத்தியில சாமியோட ஒரு கண்ணுல ரத்தம். பச்சிலை பிழிஞ்சு பார்க்கறார், நிக்கல. அம்பால தன் கண்ணைத் தோண்டி அப்பறார், நிக்குது. அடுத்த கண்ணுல ரத்தம். தன்னோட இன்னொரு கண்ணையும் எடுத்துட்டா, சாமியோட கண்ணு எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? அந்த இடத்துல காலை ஊனி அடையாளம் வச்சுக்கறார்.

பக்தின்னு எத்தனையோ தடவை கேட்ட கதை. இந்தத் தடவை எனக்குத் தெரிஞ்சது ஒரு வில்லாளி. கண்ணு போகப் போகுதுன்னு தெரிஞ்சதும் குறியை கண்ணுல இருந்து காலுக்கு மாத்தறான். இன்னிக்கு பார்வை இல்லாதவங்களுக்கான வில்வித்தைப் போட்டி இருக்கு. சிலர் கண்ணை முழுசா கட்டிக்கிட்டு 30 மீட்டர்ல அம்பு விடறாங்க. எப்படி? பாதத்தை வைக்க தரையில ஒரு தடுப்பு. புறங்கையில படற மாதிரி ஒரு தொடு குறி. பாதம் அதே இடம், கை அதே இடம்னா அம்பும் அதே இடம். காலை ஊனி அடையாளம் வைக்கறதுதான்!

இதைச் சொன்னதும் அப்பா சிரிச்சார். "நான் தினமும் அதானேடா செய்யறேன்"னார். அப்பதான் கவனிச்சேன். மாடிப்படி இறங்கறப்போ ஒவ்வொரு படியிலயும் குதிகாலை சுவத்தோட ஓரத்துல ஒரு தடவை தட்டிட்டுத்தான் அடுத்த படி வைக்கறார். நாலு வருஷமா அதே வீட்டுல இருக்கேன். கண்ணாடி போட்ட எனக்கு அது கண்ணுல படவே இல்ல.

அப்புறம் அவரே கேட்டார், "நீ எப்ப டெஸ்ட் பண்ணப் போற?"

கிளௌகோமா வலிக்காது, சொல்லாம வரும், போன பார்வை திரும்பாது. அப்பா, அம்மாவுக்கு இருந்தா பசங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். கிட்டப்பார்வை அதிகமா இருந்தாலும் வாய்ப்பு அதிகம். எனக்கு ரெண்டும் இருக்கு. அப்பாவுக்குக் கண்டுபிடிச்ச அன்னிக்கே டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களும் வருஷா வருஷம் காட்டிடுங்க"ன்னார். நாலு வருஷமா ரிலீஸ், டெட்லைன்னு சாக்கு சொல்லித் தள்ளிப் போட்டிருக்கேன். உண்மையான காரணம் பயம்தான். வேற ஒண்ணும் இல்ல.

2017ல இருந்து நூம்பல்லயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு. அம்பத்தூர்ல இருந்து வண்டியில போற தூரம். போன சனிக்கிழமை போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணு கூசக் கூச வெளியே வந்து ஒரு மரத்தடியில உட்கார்ந்தேன். ரெண்டு கண்ணுலயும் அழுத்தம் சரியா இருக்கு. நரம்பு கொஞ்சம் சந்தேகமா இருக்காம், ஆறு மாசம் கழிச்சு திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. போவேன்.

இதைப் படிக்கற சக சோடாபுட்டிகளுக்கு ஒரே வேண்டுகோள். வீட்டுல யாருக்காவது இந்த நோய் இருந்தா, பின்னூட்டம் போடறதுக்கு முன்னாடி போய் ஒரு டெஸ்ட் பண்ணிட்டு வந்துருங்க. பின்னூட்டம் காத்திருக்கும்.

டிஸ்கி: கான்டாக்ட் லென்ஸ் வாங்கியாச்சு. அடுத்த அவுட்டிங்ல அந்தக் கிளியைப் பார்த்துக்கறேன் :-)